ராட்டினத்துக்குப் போன சாப்பாட்டுக் காசு

வத்தேகமயிலிருந்து குடும்பத்தோடு ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டுக்கும், மனைவியும் மகளும் ராட்டினம் ஏறவும் தனித்தனி உறைகளில் காசு வைத்திருந்தேன். மிச்சம் பிடிக்க, நான் ஏறவில்லை.

பகல் சாப்பாடு வாங்கப் போன மகள் வெறுங்கையோடு திரும்பினாள்.

“காசு எங்கடி?” எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

கண் கலங்க ஒரு டிக்கட்டை நீட்டினாள். “உங்களுக்குத்தாம்பா. தனியா ஏற பயமா இருக்கு.”

“பயமா? காலையிலேயே என்கூட ரெண்டு தடவ போயிட்டா,” என்றாள் மனைவி. “நீங்க பையோட கீழேயே நிக்கிறது அவளுக்குப் பொறுக்கல.”

கூச்சத்தோடு அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். உச்சியில் நான் போட்ட கூச்சலுக்கு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மிஞ்சிய சில்லறைக்கு ஆளுக்கொரு பனிஸ் ரொட்டிதான் கிடைத்தது. மன்னிப்புக் கேட்க வாய் வராமல், என்னுடையதில் பாதியைப் பிய்த்து அவளிடம் கொடுத்தேன். இன்றுவரை கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.