திண்டிவனத்து ஃபயர்ப்ளேஸ்

திண்டிவனத்தில் முதன்முதலாக ஃபயர்ப்ளேஸ் வைத்த வீடு என்னுடையதுதான். பொய். கேஸ் வந்த பிறகு யாரும் பற்றவைக்காத விறகு அடுப்பு அது. மேலே ஒரு சிமென்ட் பலகை, அதில் புளிப்பானையும் எரியாத டார்ச் லைட்டும். படிப்புதான் வரவில்லை, பொய்யாவது வரட்டுமே.

அந்தப் பொய்யை முதலில் சொன்னது என் பேத்தியிடம். வெளிநாட்டில் இருக்கிறாள். வீடியோ காலில், குளிர் காய அவர்கள் வீட்டுச் சுவரிலேயே கட்டியிருக்கும் ஃபயர்ப்ளேஸைக் காட்டினாள். மேலே பலகை, அதில் பச்சை இலை, பொம்மைகள், வரிசையாகத் தொங்கும் சாக்ஸ்.

“தாத்தா, உங்க வீட்ல இது இருக்கா?”

“இருக்குதுடா கண்ணு. உங்களதவிட பெருசு.”

“கிறிஸ்மஸ் லீவுக்கு வரேன்ல, காட்டணும். பிராமிஸ்?”

பிராமிஸ் என்று சொல்லித் தொலைத்தேன். கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவன் நான். அடுத்தவன் வீட்டுச் சுவரை அழகாக்கித்தான் பழக்கம். காசு செலவில்லாமல் ஆரம்பித்தேன். அடுப்பைக் கழுவி, காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக அடித்தேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“இன்னாய்யா, கோயில் செவுராட்டம் கீது. ஒரு உண்டியல் வெச்சினா வசூலாவது ஆவும்.”

மல்லாட்டைத் தோலை, வேர்க்கடலைத் தோலைத்தான், நூலில் கோத்து, வேலைக்குப் போன வீட்டு இரும்பு கேட்டுக்கு அடித்து மீந்த வெள்ளி பெயின்டில் முக்கித் தோரணம் கட்டினேன். கிழிந்த தலையணைப் பஞ்சுதான் பனி. மின்விசிறியைப் போட்டதும் அந்தப் பனி குழம்புச் சட்டிக்குள் பெய்தது.

அடுத்து, மகன் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பழைய சாக்ஸைத் தேடி எடுத்து மாட்டினேன். மனைவிக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“அடுப்பு மேல கால்ல போடறத மாட்டுவியா? சாமிய்யா அது.”

“வெளிநாட்ல மாட்றாங்களே.”

“அவங்க அந்த அடுப்புல பொங்கலா வெக்கிறாங்க?”

திட்டிக்கொண்டே பழைய ரவிக்கைத் துணியை வெட்டினாள். சுருக்குப்பைகளாகத் தைத்து, ஒவ்வொன்றிலும் கடலை மிட்டாய் போட்டு, சாக்ஸ் இருந்த இடத்தில் தொங்கவிட்டாள். பேத்தியின் பைக்கு மட்டும் ஜரிகை வைத்தாள்.

அவர்கள் வந்தார்கள். விழுப்புரத்தில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு. விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். காரிலிருந்து மகன் போன் செய்தான்.

“ப்பா, கொழந்த தூங்குது. ஊருக்குள்ள வந்தா லேட்டாவும். கூட்டேரிப்பட்டுல டீ குடிக்க நிப்போம், நீங்க பஸ் புடிச்சி வந்துடுங்க.”

போனோம். பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். “எழுப்பாதீங்க மாமா, அழுவா” என்றாள் மருமகள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். என் மூக்குதான் பெரிதாகத் தெரிந்தது.

“திரும்பறப்ப கண்டிப்பா வர்றோம்ப்பா” என்றான் மகன்.

திரும்பும்போது பாண்டிச்சேரியில் கடல் பார்த்துவிட்டு, அப்படியே கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போய்விட்டார்கள். விமானம் ஏறும் முன் பேசினான். “டைம் இல்லப்பா. அதுவுமில்லாம நம்ம வீட்ல ஏசி இல்ல, அவ தாங்க மாட்டா.”

அவன் வளர்ந்ததும் ஏசி இல்லாத அந்த வீட்டில்தான். அப்படியும் இன்ஜினியர் ஆகிவிட்டான். என் வளர்ப்பு சரியில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. போகி வந்தது. வேண்டாததைக் கொளுத்தும் நாள். விடியற்காலையில் எல்லாவற்றையும் பிய்த்து வந்து வாசலில் போட்டுப் பற்றவைத்தேன். பஞ்சு குப்பென்று பிடித்தது. என் ஃபயர்ப்ளேஸில் நெருப்பு எரிந்தது அப்போதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் குளிர் காய வந்தார். “புச்சாட்டம் கீது, ஏன்டா கொளுத்தற?”

“பழசாயிடுச்சிண்ணே. நானுந்தான் பழசு, குதிச்சிடட்டா?”

“கதைய சொல்லுடா.”

அவருக்கு முதலிலிருந்து சொன்னேன். உண்டியல் வசூலுக்குச் சிரித்தார். கூட்டேரிப்பட்டு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். கடைசியாக ஜரிகை வைத்த பையையும் போட்டேன். வெல்லம் கருகும் வாசனை வந்தது.

“இந்தப் பை இருக்குதே, இது யாருக்குன்னா...” என்று ஆரம்பித்தேன்.

உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“யோவ், ஜல்தி வா. பாப்பா லைன்ல கீது. உன் ஃபயர்ப்ளேஸ காட்டணுமாம். செவுத்துல இன்னா கீதுன்னு நான் காட்டறது?”