வாசற்படியில் மருந்துச் சக்கை

சூனியம் வைத்தாளாம் யூக்ஹா! எங்கள் ஃபோஷான் ஊர்க் கடைத்தெருவே கூடிச் சொன்னாலும் ஒப்ப முடியாது. அவள் வைத்தது வெறும் சுளுக்கு மருந்து.

புருஷன் செத்த பிறகு, மாமியார் லாவ் அம்மாளின் டோஃபு கடையில் கூலியில்லாமல் சோயா அரைத்தவள் அவள். பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, பரணில் பானை எடுக்க அவள் ஏறி நின்ற முக்காலியைக் கிழவி எட்டி உதைத்தாள். கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது.

"இப்ப போயேன்டி பாப்போம்!" என்று சிரித்தாள் கிழவி.

"கால் சரியாகட்டும் அத்தே. உங்க கண்ணு முன்னாலயே போறேன்."

குசும்பப்பூவையும் பட்டையையும் இஞ்சியையும் கொதிக்கவைத்து, அரிசிச் சாராயம் விட்டு, தினமும் அதில் கணுக்காலை ஊறவைத்தாள். வலி உச்சிக்கு ஏறும்போது அந்தச் சிரிப்பை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

மருந்துச் சக்கையை நாங்கள் நடுத்தெருவில்தான் கொட்டுவோம். மிதிக்கிறவர் நோயைக் கொண்டுபோய்விடுவார். அவளும் அப்படித்தான் கொட்டிவந்தாள். வீக்கம் வற்றிய காலையில் மட்டும், மூட்டையோடு வெளியே வந்து, கடைசிச் சக்கையை வாசற்படியில் தாண்ட முடியாத அகலத்துக்குப் பரப்பினாள்.

"புடிங்கடா அவள!" உள்ளிருந்து கிழவி கத்தினாள். கொழுந்தன்கள் இருவரும் ஓடிவந்து படியருகே அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏன் நின்னுட்டீங்க, மிதிச்சிட்டு வாங்க! அத்தே, நீங்களும் வாங்க. என் சுளுக்கு உங்களுக்கே சேரட்டும்!"

ஒருவரும் காலை வெளியே வைக்கவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, யூக்ஹா மெதுவாகவே தெருவைக் கடந்து போனாள்.