மாதப்பன் மூடி வைத்த விமானம்

மாதப்பனுக்கு வேலை, ஓசூரில் ஒரு வண்டிக் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில். விளக்குக் கண்ணாடிகளில் பெயிண்ட் தெறிக்காதபடி டேப் ஒட்டிக் காப்பது. இருபத்திரண்டு வருஷமாகிறது. டீ குடிக்கப் போனாலும் கண்ணாடியைத் திறந்து போடக்கூடாது என்பது அங்கே சட்டம். உத்தனப்பள்ளியில் களை எடுத்த குடும்பத்தில் முதலில் யூனிஃபார்ம் போட்டவர் என்பதால், அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டு வந்தார். கிளாஸ் டம்ளரைக்கூடத் தட்டுப் போட்டு மூடுவார்.

மனைவி முனிலட்சுமிக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நுணுக்கமான கைவேலை. ஆண்டு விழாவில் ஊழியர்கள் செய்த பொருட்களை வைப்பார்கள் என்று, உள்ளங்கை அகலப் பொம்மை விமானம் ஒன்றை இரண்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தாள். கடைசியாக விமானி இருக்கைக்கு மேல் வரும் பிளாஸ்டிக் கண்ணாடியை உடனே பிடிக்கும் பசையால் ஒட்டி, ஜன்னலோரம் வைத்தாள்.

"காத்தாட இருக்கட்டும், தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனாள்.

பாகலூர் ரோட்டில் லாரி போனது. தூசி. மாதப்பன் கை தானாகவே காலி மாவு டப்பாவை எடுத்து விமானத்தின் மேல் கவிழ்த்தது.

சாயங்காலம் டப்பாவைத் தூக்கியபோது காரமாக மூக்கில் ஏறியது. வெளியே போக வேண்டிய பசையின் ஆவி உள்ளேயே சுற்றி, கண்ணாடி முழுக்கப் பால் ஆடை போலப் படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தார். போகவில்லை. உள்பக்கமும் வெள்ளை. டப்பாவைக் கழுவி அலமாரியில் வைத்தார்.

முனிலட்சுமி வந்து பார்த்தாள்.

"ஐயய்யோ, என்னாச்சு இது? பெயிண்ட் ஷாப்புல இருக்கீங்களே, நீங்களே சொல்லுங்க."

"பசை ஜாஸ்தியாப் போயிருச்சாட்டம் இருக்குது."

திருத்திச் சொல்ல அப்போதே நேரம் இருந்தது. சொல்லவில்லை.

இரண்டு நாள் அவள் விரல்களை விரித்து விரித்துப் பார்த்தாள். "கை நடுங்க ஆரம்பிச்சிருச்சோ? லைன்ல தெரிஞ்சா பேக்கிங்குக்கு மாத்திருவாங்க" என்றாள். மாதப்பனுக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல முடியாது. இறங்கியது. அதுதான் பிறகு அதிகமாக உறுத்தியது.

மூன்றாம் நாள் அவள் விமானத்தைக் குப்பைக் கவரில் போட்டபோது வாய் திறந்தார்.

"உன் கை இல்ல. நான்தான் மாவு டப்பாவப் போட்டு மூடுனேன்."

அவள் கவரைக் கீழே வைத்தாள்.

"மூடுனதுக்கு ஒண்ணுமில்ல. பழக்கம். ரெண்டு நாளா கையப் பாத்துப் பாத்து உக்காந்திருந்தேனே, அதையும் பாத்துக்கிட்டு ரசம் ஊத்தச் சொன்னீங்களே!"

மாதப்பன் கவரிலிருந்து விமானத்தை எடுத்து மறுபடி ஜன்னலோரம் வைத்தார்.

விமானம் விழாவுக்குப் போனது. மேசைக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, "கண்ணாடியப் பத்திக் கேட்டா நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டு, முனிலட்சுமி தோழிகளோடு சாப்பிடப் போனாள். அவள் லைன் சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்குதே! கண்ணாடி மட்டும் ஏன் சார் இப்படி?"

"அது நான் கெடுத்ததுங்க" என்றார் மாதப்பன். அன்று பதினோரு பேர் கேட்டார்கள்.