நடு வளைவில் ஒன்பது நிமிடம்

தேதி போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்த காலம் முழுக்க, காலையில் முத்திரையின் தேதியை மாற்றிய பிறகுதான் ஜன்னலைத் திறப்பேன். ஆனால் இந்தக் குறிப்புக்கு ஆண்டு போடப் போவதில்லை. நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சைக்கிள் பந்தயம் நடந்தது சில வருடங்கள்தான். ஆண்டைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும். என் மூத்த மகள் பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, கோயில் திருவிழாவின் கடைசி நாள்.

பந்தயம் ஆற்றுப் பாலத்தடியில் தொடங்கி, தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசன் மைதானத்தில் முடியும். முழுக்க ஏற்றம். ரோடு தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் அந்த ரோட்டில் நடப்பதில்லை. செடிகளுக்கு நடுவே நேராக மேலே ஏறும் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதில் ஏறிவிட்டால் நடு வளைவையே பார்க்காமல் மேலே போய்விடலாம். அதைத் தடுக்கத்தான் நடு வளைவில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். அந்த ஆள் நான். கைக்கடிகாரம், ஒரு கொப்பி, ஒரு பேனா. ஒவ்வொருவரும் தாண்டும்போது முதுகில் உள்ள இலக்கத்தையும் நேரத்தையும் எழுத வேண்டும். "தபாலய்யா எழுதினா எழுதினதுதான்" என்று கமிட்டித் தலைவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூன்று மணி பதினாறுக்கு மூன்றாம் இலக்கம் தாண்டியது. பதினெட்டுக்குப் பதினோராம் இலக்கம். அப்போது மூட்டம் இறங்கி, அதன் பின்னாலேயே மழை வந்தது. கொப்பியில் முதல் துளிகள் விழுந்து பதினெட்டு என்ற எண் கலைந்தது. குடை கொண்டுபோகவில்லை. இருபது அடி தள்ளித் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயம் இருந்தது. கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அதன் வாசலுக்கு ஓடினேன். அங்கிருந்து ரோடு தெரியாது. சைக்கிள் வந்தால் சத்தம் கேட்கும், ஓடிப்போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தகரக் கூரையில் விழுந்த மழையில் பக்கத்தில் நின்ற ஆள் பேசியதுகூட எனக்குக் கேட்கவில்லை. மழை குறைந்து நான் வளைவுக்குத் திரும்பியபோது மணி மூன்று இருபத்தேழு. அதன் பிறகு வந்த பதினொரு பேரையும் ஒருவர் விடாமல் எழுதினேன்.

மைதானத்துக்கு நான் ஏறிப்போய்ச் சேர்ந்தபோது அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. முதலில் வந்தது ஏழாம் இலக்கம். தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்த இளைஞர். இரண்டாவது, மூன்றாம் இலக்கம்.

"பின்னால கெடந்தவன் எப்படிடா முன்னால வந்தான்? பறந்தா வந்தான்?" என்று மூன்றாம் இலக்கத்தின் ஆட்கள் கத்தினார்கள்.

ஏழாம் இலக்கத்தின் வலது தோளில் சேறு. சட்டையில் தேயிலை ஒட்டியிருந்தது. "மதகுகிட்ட சறுக்கி விழுந்தேன். எந்திரிச்சு மிதிச்சுதான் வந்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சைக்கிள் உன் மேல ஏறி வந்துச்சா, நீ சைக்கிள் மேல ஏறி வந்தியா?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது.

கமிட்டித் தலைவர் என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க சொல்லுங்க. ஏழு உங்க வளைவத் தாண்டுச்சா?"

கொப்பியைத் திறந்தேன். பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் திறந்து, விரலை வைத்துக் கீழே வரை வந்தேன்.

"ஏழு இதுல இல்ல" என்றேன்.

அது உண்மை. அது மட்டும்தான் நான் சொன்னது. மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றாமலும் இல்லை. கூட்டம் மொத்தமும் என் கொப்பியை நம்பிக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏழாம் இலக்கம் குறுக்குப் பாதையில் வந்த காரணத்தால் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது. கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் அது. மேல் டிவிசன், கீழ் டிவிசன், ஆற்றுக்கு அப்பால் உள்ள தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த வாரமே அவருக்குக் "குறுக்கு" என்று பெயர் விழுந்துவிட்டது.

அவர் தபால் கந்தோருக்கு வருவதை நிறுத்தவில்லை. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன அவருடைய அக்கா கடிதம் போடுவார். வாங்கிக்கொண்டு போவார். ஒரே ஒரு தடவை, ஜன்னலில் வேறு யாரும் இல்லாதபோது, "ஐயா, அன்னிக்கு நீங்க என்னயப் பாக்கவே இல்லைங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. "கொப்பியில இல்லையே தம்பி" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கேட்டதில்லை.

சைக்கிள் பந்தயங்களைப் பற்றி நான் வாசிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். கண்டியில் பழைய புத்தகக் கடை, ஹட்டன் நூலகம், பின்னர் மகள் வாங்கித் தந்த போன். பிரான்ஸ் தேசத்தைச் சுற்றி வரும் அந்தப் பெரிய பந்தயத்தின் கதைகளைத் தேதியோடு குறித்து வைத்தேன். ஆறுதலுக்காகத்தான் வாசித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். உலகத்திலேயே பெரிய பந்தயத்திலும் ஏமாற்று நடந்திருக்கிறது, அங்கேயும் நடுவர்கள் ஆட்களை நீக்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

1904இல் முதலில் வந்த நான்கு பேரையும் பந்தயம் முடிந்து மாதக்கணக்கான பிறகு நீக்கினார்கள். சிலர் ரயிலில் ஏறிப் போனார்கள் என்றுகூடக் குற்றச்சாட்டு இருந்தது. ஐந்தாவதாக வந்த பத்தொன்பது வயது இளைஞருக்கு வெற்றி போனது. 1967இல் மரமில்லாத ஒரு மலையில், கடும் வெயிலில், ஓர் ஆங்கிலேயர் சைக்கிளிலிருந்து சரிந்து இறந்தார். ஊக்கமாத்திரை சாப்பிட்டிருந்தார். 1999 முதல் 2005 வரை வென்றவர்களின் பட்டியலில் இப்போது பெயரே கிடையாது. ஏழு வருடமும் ஒரே ஆள் வென்று, பின்னர் ஊசி போட்டு ஓட்டியது தெரிந்து அத்தனையையும் எடுத்துவிட்டார்கள்.

1978இல் ஒருவர் மலை உச்சியில் வென்றுவிட்டு, பரிசோதனைக்குத் தன் சிறுநீருக்குப் பதில் வேறொருவருடையதை ரப்பர்க் குழாயில் அக்குளுக்குள் ஒளித்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டார். இதை என் மனைவியிடம் சொன்னபோது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அடுத்தவன் மூத்திரத்தக் கக்கத்துல வச்சிக்கிட்டா மலை ஏறினான்? நாத்தம் பிடிச்ச பய." பிறகு சிரிப்பு அடங்கி, "எல்லாம் மாட்டினவன் கதையாவே சேக்குறீங்களே. செய்யாம மாட்டினவன் ஒருத்தனும் இல்லையா அங்க?" என்றாள்.

அவளுக்கு அந்த ஒன்பது நிமிடம் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

சென்ற வருடம் மழைக்காலத்தில்தான் 1913இன் கதை கிடைத்தது. மலைக் கணவாயில் ஒருவருடைய சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவர் முறிந்துவிட்டது. முன்னணியில் இருந்தவர். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து இறங்கி, ஒரு கிராமத்தில் கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்தார். யாருடைய உதவியும் பெறக் கூடாது என்பது விதி. தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, மணிக்கணக்கில் வேலை செய்து கவரைச் சரிசெய்தார். ஒரு பையன் துருத்தி ஊதியதற்காக மட்டும் அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள். இதை எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த நடுவர்களைத் திட்டுகிறார்கள். நானும் திட்டத் தயாராகத்தான் வாசித்தேன். ஆனால் ஒரு வரியில் நின்றுவிட்டேன். நடுவர்கள் அத்தனை மணி நேரமும் பட்டறைக்குள் அவரோடு நின்றார்கள். உலைச் சூட்டில், பசியோடு, கண்ணை எடுக்காமல் நின்றார்கள். இரக்கமில்லாதவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் தண்டித்தது கண்ணால் பார்த்ததற்கு.

நான் மழையில் ஒன்பது நிமிடம் நிற்கவில்லை. கொப்பி நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

அதே சமயம் தோட்டத்து இளைஞர் சங்கம் நின்றுபோன பந்தயத்தை மறுபடி நடத்த முடிவு செய்து, பழைய வெற்றியாளர்களின் பட்டியலை விழா மலரில் போட என்னிடம் கேட்டது. அந்த வருடத்துக்கு மூன்றாம் இலக்கத்தின் பெயரை எழுத முடியவில்லை. அவர் இப்போது கொழும்பில் இருக்கிறார். போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப? அந்தக் கோப்பைய எங்க பொடியன் உடைச்சிட்டான்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் என்னைய முந்திப் போனத நான் பாத்தேன். எங்கருந்து வந்தான்னு பாக்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு, காலை பத்து மணிக்கு, ஏழாம் இலக்கத்தின் லயத்துக்குப் போனேன். அவருக்கு ஐம்பது நெருங்குகிறது. வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். மழை, லயத்து வாசல், பதினெட்டிலிருந்து இருபத்தேழு வரை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சங்கிலியை விட்டு நிமிரவில்லை. பேசியது மனைவிதான்.

"எங்க மக ஸ்கூலுக்குப் போன மொத நாளே 'குறுக்கு மக'ன்னு கூப்பிட்டாங்க. அழுதுக்கிட்டு வந்துச்சு. பஸ்ஸுக்கு லைன்ல நின்னா, 'அண்ணே குறுக்க பூந்துருவாரு, பாத்துக்க'ன்னு சிரிப்பாங்க. நான் கட்டிக்கிட்டு வந்த புதுசுல நானே கேட்டேன் இவருகிட்ட, நெசமாவே தூக்கிட்டு ஏறினீங்களான்னு. ரெண்டு நாள் சாப்பிடல மனுசன்." ஈரத் துணியை உதறினார். "நனைஞ்சா காயாதா ஐயா, ஒரு கொப்பி?"

பட்டியலில் திருத்தம் போட்டு, கீழே விளக்கமும் எழுதி என் கையெழுத்தை வைக்கிறேன் என்றேன்.

அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்தார். "புத்தகத்துல போட்டா யாரு ஐயா வாசிப்பா? அன்னிக்கு மைக்குல தானே சொன்னாங்க. நீங்களும் மைக்குலயே சொல்லுங்க."

"சொல்றேன் தம்பி. நீங்க மைதானத்துக்கு வரணும்."

"நான் வரல. இங்கருந்தே கேக்கும்."

பந்தயம் இந்தச் சித்திரையில் நடந்தது. பரிசளிப்புக்கு முன் என்னைக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டு போயிருந்தேன். முதல் இரண்டு வரி வாசித்ததும் எழுத்து நடையில் அது வேறு யாருடையவோ குற்றம் போலக் கேட்டது. தாளை மடித்துவிட்டுப் பேசினேன்.

"நடு வளைவுல நின்னது நான். மழை வந்ததும் லயத்துக்கு ஓடிட்டேன். ஒம்பது நிமிசம் ரோட்டப் பாக்கல. அந்த நேரத்துல ஏழாம் நம்பர் போயிருக்கலாம். பாக்காம இருந்தத மறைச்சிட்டு, கொப்பியில இல்லன்னு சொன்னேன். என் பேச்ச வச்சுத்தான் அவர நீக்கினாங்க. அது தப்பு. தப்பு என்னுது."

இளைஞர்களுக்கு யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டிருந்தார். முன் வரிசையில் இருந்த பழைய ஆட்கள் நாலைந்து பேர் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து போய்விட்டார். அந்தப் பழைய பந்தயத்தன்று மைதானத்தில் முதலில் சிரித்தவர் அவர் என்று எனக்கு நினைவு. நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இறங்கும்போது அவர்களுடைய லயத்தைக் கடந்துதான் போக வேண்டும். மனைவி வாசலில் நின்றார்.

"கேட்டுச்சு ஐயா. நல்லாவே கேட்டுச்சு. ஆனா 'போயிருக்கலாம்'னு தானே சொன்னீங்க? 'போனாரு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"நான் பாக்கலம்மா. பாக்காம இருந்துட்டு பாத்த மாதிரி ஒரு தடவ சொன்னதுக்குத்தான் இவ்வளவும். மறுபடி எப்படிச் சொல்வேன்?"

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "விடு புள்ள. அவரால அதச் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும்."

அந்தக் குரலில் மன்னிப்பு இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. வெளியே வரவும் இல்லை அவர்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு, கடை வாசலில் நான் பத்திரிகை வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் சைக்கிளில் வேலைக்குப் போனார். ரோட்டு வேலையில் நின்ற ஒருவர் கையைத் தூக்கி, "குறுக்கண்ணே, தீப்பெட்டி இருக்கா?" என்று கூப்பிட்டார். கேலி எதுவும் இல்லை, சாதாரணக் கூப்பாடுதான். அவரும் காலை ஊன்றி நின்று, சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். நான் அந்த ஆளை நோக்கி ஓர் அடி வைத்தேன். நேற்றுச் சொன்னதைக் கேட்கவில்லையா என்று கேட்கத்தான்.

சைக்கிளில் இருந்தவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார்.

"வேணாங்கய்யா. வேற பேரு சொல்லிக் கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்."

தீப்பெட்டியைத் திருப்பி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் மிதித்துப் போனார்.