கோட்டுக்கு அங்கிட்டு போன், இங்கிட்டு கம்ப்யூட்டர்

எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அந்த சீசன் முழுக்க லோடு ஏற்றினேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். திருப்பூர், சூரத், ஹைதராபாத் என்று சுற்றி, எங்கேயும் சேர்ந்தாற்போல ஒரு வருஷம் இருக்காமல் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். என் சொத்து முழுவதும் ஒரு தோள்பையில் அடங்கும். இரண்டு சட்டை, ஒரு போர்வை, முகம் பார்க்கிற கண்ணாடி, கீறல் விழுந்த பழைய போன், அதோடு டப்பாவில் வந்த வயர். சூரத்தில் எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒருவன் என் போனை வயரால் தன் கம்ப்யூட்டரில் செருகி நெட் எடுப்பான். பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்ததுதான் என் கம்ப்யூட்டர் படிப்பு.

கம்பெனி வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. போன், தீப்பெட்டி, பீடி எதுவும் அதைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. வெளிச்சுவரில் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த ஒரு மரப்பெட்டி. காலையில் எல்லோரும் போனை அதில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவோம். முதலாளிக்கும் அதில் ஓர் அறை இருந்தது. வாட்ச்மேன் அண்ணாச்சி ஒரு காலத்தில் வெடிமருந்து கலக்கிற ஷெட்டில் வேலை பார்த்தவர். வலது முழங்கையிலிருந்து விரல் வரை தோல் வேறு நிறத்தில் பளபளக்கும். அந்தக் கையால்தான் டோக்கன் கொடுப்பார். கோட்டு விஷயத்தில் அவரிடம் யாரும் விளையாட மாட்டார்கள்.

தீபாவளிக்கு முந்தைய கடைசி லோடு நாக்பூருக்கு. ஆபீஸில் கணக்குப் பார்க்கிற அக்கா ஆடி மாதத்திலிருந்து போனில் பேசிப் பேசிப் பிடித்த ஆர்டர் அது. அந்த வியாபாரி கறாரான ஆள். லாரி இன்றைக்கே கேட்டைத் தாண்டி நிற்கிற போட்டோ வர வேண்டும், வராவிட்டால் வேறு கம்பெனியில் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். சரக்கு நின்றுபோனால் அடுத்த வருஷம் வரை கிட்டங்கியில் கிடக்கும். போனஸும் அதோடு கிடக்கும்.

மதியத்துக்குள் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றித் தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. அப்போதுதான் ஆபீஸில் நெட் இல்லை என்று தெரிந்தது. ரோடு அகலப்படுத்துகிற ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டிருந்தது. மாநிலம் தாண்டுகிற சரக்குக்கு இ-வே பில் வேண்டும். அதை நெட்டில்தான் போட முடியும். அக்கா கோட்டுக்கு வெளியே வந்து, தன் போனிலேயே போட்டுப் பார்த்தார். பாஸ்வேர்டு கேட்டது.

"பாஸ்வேர்டு என்னக்கா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? முன்ன இருந்த கணக்கர் போட்டது. கம்ப்யூட்டர்ல தொறந்தா அதுவே புள்ளி புள்ளியா வந்து நிக்கும். நான் அமுக்கிட்டுப் போயிருவேன்."

அந்தக் கணக்கர் துபாய்க்குப் போய்விட்டார். கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஆக, அந்தக் கம்ப்யூட்டருக்கே நெட் கொடுத்தால்தான் உண்டு. அதில் வைஃபை கிடையாது.

"வயர் போட்டுப் போன்ல இருந்து எடுத்துரலாம்க்கா" என்றேன்.

"ஏலே, போனு உள்ள வராது" என்றார் வாட்ச்மேன், நான் முடிப்பதற்குள்.

"அப்ப கம்ப்யூட்டரை வெளிய தூக்கியாரோம் அண்ணாச்சி."

"அதுக்கு கேட் பாஸ் வேணும். லோடுக்கு மட்டும்தான் காலையிலயே போட்டுக் கொடுத்துட்டுப் போயிருக்காரு. முதலாளி கையெழுத்து இல்லாம ஒரு அட்டைப்பெட்டி வெளிய போகாது. கம்ப்யூட்டர் போகுமா?"

முதலாளி சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். அவர் போனும் அணைந்திருந்தது. லாரி டிரைவர், விருதுநகர்க்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், வானத்தைக் காட்டினார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இடி கேட்டால் மெயினை அணைத்துவிட்டு ஷெட்டுகளிலிருந்து எல்லோரும் வெளியேற வேண்டும், அது கம்பெனிச் சட்டம். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரும் இல்லை, பில்லும் இல்லை.

நான் கோட்டைப் பார்த்தேன். போன் உள்ளே வரக் கூடாது. கம்ப்யூட்டர் வெளியே போகக் கூடாது. சரி, ரெண்டும் அதனதன் இடத்திலேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

"அண்ணாச்சி, கோட்டுக்கு அங்கிட்டு போன், இங்கிட்டு கம்ப்யூட்டர். வயர் மட்டும் தாண்டும். வயருக்குச் சட்டம் உண்டா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அதுல பேச முடியுமா?"

"வயர்ல எப்படிப் பேச?"

"தீப்பொறி?"

"உங்க ரூம் பேன் வயர்ல வராத பொறி இதுல வராது."

"அப்ப வையி. நான் இங்கனயே நிப்பேன்."

வாட்ச்மேன் அறை மேசையைக் கோட்டு ஓரத்துக்கு இழுத்தோம். கம்ப்யூட்டர், திரை, பிரிண்டர் என்று ஒவ்வொன்றாக ஆபீஸிலிருந்து தூக்கி வந்தோம். கரண்டு அவர் அறையிலிருந்து வந்தது. அக்கா இந்தப் பக்கம் நாற்காலியில், நான் அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலுக்கு முன்னால் குத்தவைத்து. மரப்பெட்டி நிறையப் போன் இருந்தது, ஒன்றுக்கும் வயர் இல்லை. உள்ளே போகாத போனுக்கு யார் வயர் கொண்டு வருவார்கள்? வீடு வாசல் இல்லாதவன் பையில்தான் எல்லாம் இருக்கும். பையை எடுத்து வந்தேன்.

"இந்தப் போன் உசுரோட இருக்கா?" என்றார் பாய்.

"உசுரு இருக்கு பாய். ரீசார்ஜ்தான் இல்ல."

"வெளங்கும்."

அதற்கும் வழி இருந்தது. என் வயர் பழைய மாதிரி, அக்கா போனில் சேராது. அக்கா போனில் நெட் இருக்கிறது, அதைக் காற்றில் விடட்டும். அதை என் போன் பிடித்து வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். அக்காவின் போனை ஸ்டூலில் என் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். வயரைச் செருகினேன். என் போன் சார்ஜ் ஏற ஆரம்பித்தது, அவ்வளவுதான். 'யூஎஸ்பி டெதரிங்' என்ற வரி மங்கலாகக் கிடந்தது, தொட்டால் அசையவில்லை.

"என்னலே, சார்ஜ் போடத்தான் அம்புட்டையும் தூக்க வச்சியா?" என்றார் வாட்ச்மேன்.

"முன்னாடி ஓட்டை லூசு அண்ணாச்சி. பின்னாடி மாத்திச் செருகுங்கக்கா."

அக்கா கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் திருப்பிப் பின்னால் செருகினார். அந்த வரி கறுப்பானது. தொட்டேன். திரையின் மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறி போய்விட்டது.

"வந்துருச்சு!" என்றார் அக்கா. பக்கம் மெதுவாகத் திறந்தது. புள்ளிகள் வரிசையாக வந்து நின்றன. கூடவே ஒரு கட்டத்தில் கோணல்மாணலாக எழுத்துகள். அதைப் பார்த்து அடிக்கச் சொன்னது.

"இது அஞ்சா, எஸ்ஸா?"

வாட்ச்மேன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக் குனிந்தார். "அஞ்சு தாயி."

அஞ்சு இல்லை. புது எழுத்துகள் வந்தன. "நீங்க கேட்டைப் பாருங்க அண்ணாச்சி" என்றார் அக்கா. இரண்டாவது தடவை உள்ளே விட்டது.

அதற்குள் வேலை முடிந்த பெண்கள் போன் எடுக்க வந்து மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். யாருக்கும் போக மனசில்லை. ஒருத்தி போனை எடுத்து வீட்டுக்குப் பேசப் போனாள். "ஏடி, பேசாத, நெட்டு போயிரும்" என்று இன்னொருத்தி பிடுங்கிக்கொண்டாள். அப்படியெல்லாம் போகாது. ஆனால் நான் சொல்லவில்லை, அமைதி நல்லதுதானே.

வண்டி எண்ணை அக்கா அடிக்கும்போது பாய் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். எங்கோ தூரத்தில் உறுமல் கேட்டது. எல்லோரும் வாட்ச்மேனைப் பார்த்தோம். அவர் கை அறைச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சுக்குப் போய்விட்டது.

"அண்ணாச்சி, அது லாரிச் சத்தமா இருக்கும்" என்றேன்.

"எனக்கு எது லாரி, எது இடின்னு தெரியும்லே. சீக்கிரம்."

பிரிண்டர் காகிதத்தை இழுத்தது, நடுவில் யோசித்தது, பிறகு தள்ளியது. பாய் ஈரம் காயாத காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு ஓடினார். வாட்ச்மேன் சுவிட்சை இறக்கினார். திரை இருண்டது. லாரி கேட்டைத் தாண்டி ரோட்டில் நின்றது. அக்கா கோட்டைத் தாண்டி வந்து தன் போனில் போட்டோ எடுத்து அனுப்பினார். பாய் கையை ஆட்டிவிட்டு மழைக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு போனார்.

பதில் வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். தூறல் விழுந்தது. கம்ப்யூட்டர் நனையக் கூடாது என்று போனைத் திரும்ப மரப்பெட்டியில் வைத்துவிட்டு, திரையைச் சேலை முந்தானையால் மூடி இடுப்பில் அணைத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தார். நான் கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பாதி தூரம் போயிருப்போம். கேட்டிலிருந்து வாட்ச்மேன் குரல் வந்தது. அக்கா போனை உள்ளே கொண்டுவர முடியாதே, அதனால் கோட்டில் நின்றபடியே கத்தினார்.

"தாயி! வடக்கத்தியாரு படம் ஒண்ணு அனுப்பியிருக்காரு!"

"என்ன படம் அண்ணாச்சி?" என்று அக்காவும் கத்தினார்.

"வெரலு! கட்டை வெரலு! மேல பாத்து நிக்கு!"

அக்கா திரையைக் கீழே வைக்காமல் நின்ற இடத்திலேயே சிரித்தார். கேட்டில் பெண்கள் போட்ட கூச்சல் மழையை மீறிக் கேட்டது.