என் கைகளுக்கு வாய்ப்பூட்டு

சென்ற ஆண்டு, பள்ளி விடுமுறைக்கு முந்திய மழை வாரத்தில், மலேசியாவின் ஈப்போ நகரில், குனோங் ராபாட்டில் ஒரு பாலர் பள்ளியில் நடந்தது இது. சுண்ணாம்பு மலையடியில் வரிசை வீடு ஒன்றைத்தான் பள்ளியாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே ஆசிரியை என் மனைவி. உதவி ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட, வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கும் நான் காலை நேரத்தில் மட்டும் உதவிக்குப் போனேன். சம்பளம், பத்து மணிக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு.

எனக்கு அந்த வேலைக்குத் தகுதி இருப்பதாக நானே நம்பினேன். எங்கள் வட்டாரக் கல்யாணங்களில் மைக்கைப் பிடித்து நிகழ்ச்சி நடத்துபவன் நான். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்வதற்குமுன் சங்க இலக்கியத்தில் ஒரு சுற்று போய்வருவேன். அதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. பொறாமை.

மனைவி பாடம் நடத்தும் முறை எனக்குப் புதிது. ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் உடலசைவு. 'அ' என்றால் இரு கைகளையும் முன்னால் விரிக்கவேண்டும். 'ஆ' என்றால் இன்னும் அகலமாக விரித்துப் பின்னால் சாயவேண்டும். 'ம்' என்றால் உதட்டை மூடி, மூக்கில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்ப்பது. 'ப்' என்றால் வாய்க்கு நேரே உள்ளங்கையை வைத்துக் காற்று வெடிப்பதை உணர்வது. 'ஓ' என்றால் தலைக்கு மேல் கைகளை வளையமாக்குவது. அசைவுகளைக் கோத்தால் சொல். சொல் வந்ததும் அதற்குரிய சைகைமொழிக் குறி. வீடு என்றால் இரு கைகளும் கூரையாகச் சேரும்.

வார இறுதி வகுப்புக்குப் போய் அவள் சைகைமொழி கற்றதே ஒரு சிறுமிக்காகத்தான். காதில் கருவி மாட்டியும், லாரி ஹாரன் அடித்தால்தான் திரும்பிப் பார்க்கும் பிள்ளை. வகுப்பில் எல்லா அசைவையும் கூர்ந்து பார்ப்பாள். ஒன்றைக்கூடத் தானாகச் செய்யமாட்டாள்.

அவளுடைய அம்மாவுக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை. தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்ததும் ஈப்போவுக்கு வந்தவர். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தாப்பாவில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார்.

"டீச்சர், கையை ஆட்டிக்கிட்டே இருந்தா பேச்சு வந்துருமா லா? மத்த பிள்ளைங்க கத்துது, இது சும்மா நிக்குது. பாக்க முடியல. அக்கா வீட்டுல இருந்தா இந்த வேதனையாவது இல்ல."

அக்கா வீட்டில் அன்பு உண்டு, தொலைக்காட்சி உண்டு. கையால் பேச ஓர் ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒரு பாடத்தை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று மனைவி கெஞ்சிக் கேட்டு ஒப்புதல் வாங்கியிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான், கரும்புத் தோட்டத்தில் யானை புகுந்ததுபோல் நான் உள்ளே நுழைந்தேன்.

முதல் நாள் புலிக் கதை சொன்னேன். என் வாய் ஒரு வேலை செய்தால் கைகள் இரண்டு வேலை செய்யும். மேடைப் பழக்கம். புலியின் பெருமையைக் காட்டக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினேன். மொத்த வகுப்பும் "ஓ" என்றது. ஆகா, என்ன ரசனை என்று பூரித்து மூக்கைச் சொறிந்தேன். "ம்" என்றது. கொட்டாவி வந்தது, உள்ளங்கையால் மறைத்தேன். "ப்" என்று வெடித்தார்கள். கதையை ஒருவரும் கேட்கவில்லை. என் கைகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிறுமி மட்டும் புருவத்தைச் சுருக்கி என் கைகளையே பார்த்தாள். பிள்ளைகள் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அது கண்ணாலதான் கேக்கும். அது முன்னால நின்னு காலையிலேருந்து உங்க கை உளறிக்கிட்டு இருக்கு. கல்யாணத்துல உளறுனா சாப்பாட்டுக்காகப் பொறுத்துக்குவாங்க. இங்க எதுக்குப் பொறுக்கணும்? கையைப் பாக்கெட்ல போடுங்க."

மறுநாள் போட்டேன். கைகளோடு பேச்சும் உள்ளே போய்விட்டது. புலி, "வந்து... வந்து..." என்று காட்டோரத்திலேயே நின்றது. சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சில் இருக்கிறது, வெளியே வர வழியில்லை. வியர்த்துவிட்டது. சிறுமி என்னை முதன்முறையாக அனுதாபத்தோடு பார்த்தாள். நம் ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அன்றிரவு மனைவியிடம் ஒழுங்காகப் பாடம் கேட்டேன். வியாழக்கிழமை நான் 'ஓ' செய்தபோது சிறுமி எழுந்து வந்து, என் முழங்கைகளை வெளியே தள்ளி வளையத்தைச் சரிசெய்துவிட்டுப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியை ஓடிப்போய் அழைத்துவந்தேன். அவள் வந்து எவ்வளவு செய்துகாட்டியும் சிறுமி மடியில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மழையோடு அம்மா வந்தார். ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவருகில் நின்றார். உளறிக் கெடுத்துவிடக்கூடாது என்று நான் கைகளைப் பாக்கெட்டில் புதைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். மனைவி உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் குதித்துக் குதித்துச் சொற்களைக் கோத்தார்கள். சிறுமி பார்த்துக்கொண்டே இருந்தாள். பாடம் முடிந்தது.

அம்மா புத்தகப் பையைத் தோளில் மாட்டி, மகளின் கையைப் பிடித்தார். "பரவால்ல டீச்சர். நீங்க செஞ்சது போதும். தெரிமா காசி," என்று மலாயில் நன்றி சொன்னார்.

ஏதாவது சொல்லி நிறுத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சிறுமி என் வாயைப் பார்த்தாள், பாக்கெட்டைப் பார்த்தாள். அம்மாவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு வகுப்பின் நடுவே போய் நின்றாள்.

இரு கைகளையும் முன்னால் விரித்தாள். கையைக் கண்டால் வாசித்துவிடுகிற பிள்ளைகள் அல்லவா! "அ" என்றார்கள். மூக்கில் விரல் வைத்து அழுத்தினாள். "ம்." மறுபடியும் அழுத்தி, கைகளை அகல விரித்துப் பின்னால் சாய்ந்தாள். "மா!"

அம்மா ஓரடி முன்னால் வந்தார். மனைவி என் தோளை நசுக்கினாள். அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்தோம். அவள் இன்னும் முடிக்கவில்லை. உள்ளங்கையை வாய்க்கு நேரே கொண்டுபோய் ஒரு வெடிப்பு. பிறகு தலைக்கு மேல் குறையில்லாத ஒரு வளையம்.

வகுப்பே கூரை அதிரக் கோத்துக் கத்தியது: "அம்மா போ!"

பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அம்மா போ, அம்மா போ என்று குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சிறுமி வாசலை நோக்கி விரல் நீட்டி, விளக்கம் வேறு கொடுத்தாள்.

"பாருங்கண்ணே, என்னைத் துரத்துறா," என்றார் அம்மா என்னிடம். சிரித்துக்கொண்டே முந்தானை தேடினார். ரெயின்கோட்டில் அது ஏது? ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, புத்தகப் பையை மறுபடி ஆணியில் மாட்டினார். பிறகு மனைவியிடம் கேட்டார்: "டீச்சர், சாயங்காலம் வாரேன்னு கையில எப்படிச் சொல்றது?"

மனைவி காட்டினாள். அம்மா அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். மகள் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வேலை இருக்கிறது என்பதுபோல் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சைகைமொழியில் கைதட்டுவது என்றால் கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டுவது. எல்லாரும் ஆட்டினோம். நானும் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஆட்டினேன். என் கைகள் அர்த்தத்தோடு ஆடியது அன்றுதான்.

அவள் தாப்பா போகவில்லை. வார இறுதி சைகைமொழி வகுப்புக்கு இப்போது அவளுடைய அம்மாவும் மோட்டார் சைக்கிளில் வருகிறார். சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் நான் சுருக்கமாகப் பேசி முடித்தேன். சாப்பாடு சூடாக இருந்ததென்று பலரும் பாராட்டினார்கள். இப்போதெல்லாம் யாராவது சொல் வராமல் தடுமாறி நிற்கும்போது, முன்போல் நான் பாய்ந்து என் சொல்லை அவர் வாயில் திணிப்பதில்லை. கொஞ்சம் பொறுத்து, அவர் கைகளைப் பார்க்கிறேன்.