காப்புக் கட்டிய ஊருக்கு வந்த அக்கா

குப்பம்மாள் அக்கா இறந்துவிட்ட செய்தியை, ஜமுனாமரத்தூர் பஸ் கண்டக்டர்தான் பள்ளிக்கூட வாசலில் இறங்கிச் சொன்னார். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். வலிப்பு வரும் பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இந்த மலையில் இருந்த ஒரே ஆதரவு அவர்.

எழுபதுகளின் கடைசியில் என் மகள் செல்விக்குத் தினமும் ஏழெட்டு முறை வலிப்பு வரும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. வாத்தியார் லட்சணம் அவ்வளவுதான். ஒருநாள் சந்தையில் அவள் விழுந்தபோது, புளி விற்றுக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்தார்.

"சாவி இன்னாத்துக்கு சாரு? ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எச்சி வெளிய வந்துடும்."

திருப்பத்தூரில் எந்த டாக்டரை, எந்தக் கிழமையில் பார்க்க வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்றெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத அவர்தான் எனக்குச் சொன்னார். வாராவாரம் அவர் கூடையைச் சுற்றி நாம் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்போம். "நின்னுபோச்சுன்னு மாத்திரைய வுட்றாதீங்க" என்பதை எத்தனை முறை கேட்டிருப்போம்!

அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு எங்கள் ஊரில் காப்புக் கட்டினார்கள். விழா முடியும்வரை ஊரார் எவரும் எல்லையைத் தாண்டக்கூடாது. கையில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று நான் பார்த்து வைக்கவில்லை. அது தீர்ந்த இரண்டாம் நாள், செல்விக்கு வலிப்பு நிற்காமல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக விடும்படி ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கேட்டேன். "ஆத்தா பாத்துக்குவா" என்றார்கள். படித்த நான் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சந்தையில் என்னைக் காணாமல் அக்கா நடந்தே வந்துவிட்டார். செல்வியைப் பார்த்ததும், "இதுக்கு மாத்திரை பத்தாது. தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

"காப்பு கட்டியிருக்கே, அக்கா."

"எங்க ஊர்லயும் அன்னிக்கு காப்புதான் சாரு. நான் தாண்டல. எம்புள்ள மடியிலயே போய்ட்டான்."

மகனை இழந்தவர் என்பது நமக்குத் தெரியும். எப்படி இழந்தார் என்பதை அன்றுதான் சொன்னார். நான் செல்வியைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டினேன். மறித்தவர்களிடம், "குத்தம் எம்மேல வரட்டும், வழிய வுடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். அதன்பிறகு எந்த ஊரில் காப்புக் கட்டினாலும், அதற்கு முன்பே அங்கே போய் மாத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

அவர் எனக்கு விட்டுப்போனது செல்வியைத்தான். வலிப்பு இன்னும் வருகிறது, ஆனால் இருக்கிறாள். செய்தியைச் சொன்னதும் வெகுநேரம் அழுதாள். பிறகு, "இனிமே காப்புக் கட்டுற ஊருக்கெல்லாம் யாருப்பா போவாங்க?" என்று கேட்டாள்.

"நான் போறேம்மா" என்றேன்.